இரண்டாம் முறை

ஒப்பாரியைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வாசிப்பதற்காக 2019 ஜூலையில் சிகாகோ சென்றிருந்தோம். பத்தாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அவ்வாண்டு அங்கே நடைபெற்றது. எங்களில் இருவர் கல்லூரித் தமிழாசிரியர்கள். மூன்றாமவர் பதினெட்டு ஆண்டுகளாக அந்நகரின் புறநகர்ப் பகுதியில் வாழ்ந்துவரும் கணினிப் பொறியாளர். மூவரும் தொண்ணூறுகளில் மதுரையில் ஒரே விடுதி அறையில் மூன்றாண்டுகள் தங்கிப் படித்தவர்கள். பாடம் வேறு வேறாக இருந்தாலும் உணவு, கடன், சட்டை ஆகியவை பொதுவாகவே இருந்தன. ஆகவே மாநாட்டு ஏற்பாட்டாளர்கள் அளித்த விடுதி அறையை விட்டுவிட்டு நண்பர் வீட்டிலேயே தங்கினோம்.

கட்டுரை நன்றாகவே அமைந்தது. ஒப்பாரிப் பாடல்களில் ஓரடி மீண்டும் மீண்டும் வருவது ஏன் என்பதே அதன் வினா. தென்மாவட்டங்களில் திரட்டிய 22 ஒலிப்பதிவுகளைக் கொண்டு மூன்று அட்டவணைகள் அமைத்திருந்தோம். பாடுபவள் அடுத்த அடியை நினைவிலிருந்து எடுப்பதற்கோ, அப்போதே புனைந்துகொள்வதற்கோ தேவைப்படும் கால இடைவெளியை முன் அடியின் மறுகூற்றால் நிரப்புகிறாள் என்பது எங்கள் முடிவு. அவையில் இருவர் வினா எழுப்பினர். ஒரு பேராசிரியர் பாராட்டினார். அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்த நண்பர் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டார். வெளியே வந்ததும், "நல்லா இருந்துச்சு" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மாநாடு முடிந்த பின் வந்த வியாழக்கிழமை மாலை, "ஒரு எடத்துக்குப் போவோம். நீங்க ரெண்டு பேரும் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு" என்று மட்டும் கூறிக் காரை எடுத்தார். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. இரவு எட்டு மணிக்கும் வெயில் இருந்தது.

ஆர்மிட்டேஜ் அவென்யூவில் உள்ள ரோசாஸ் லவுஞ்ச் என்னும் சிறிய மதுக்கூடத்தின் முன் இறங்கினோம். மிலான் நகரிலிருந்து ப்ளூஸ் இசைக்காகவே சிகாகோ வந்த டோனி மாஞ்சுல்லோ என்னும் டிரம்ஸ் கலைஞர், தம் தாய் ரோசாவுடன் 1984 இல் தொடங்கிய இடம் அது. தாயின் பெயரே கூடத்தின் பெயர். வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர்ச் சந்துகளில் இருக்கும் அச்சகத்தைவிடப் பெரிதாகத் தோன்றாது. உள்ளே நீளவாக்கில் ஒரு கூடம், ஒருபுறம் மது பரிமாறும் மேடை, சில மேசைகள், நீல விளக்கொளியில் ஒரு சிறு மேடை. மேடைக்கும் முதல் மேசைக்கும் இடையே மூன்று முழம் இருக்கலாம். பாடுபவரின் நெற்றி வியர்வை தெரியும் தூரம் அது. நண்பர் தமக்கு பியரும், எங்கள் இருவருக்கும் எலுமிச்சைச் சாறும் சொன்னார்.

இசைக்குழுவில் நால்வர் இருந்தனர். கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ், ஹார்மோனிகா. சற்று நேரம் அவர்கள் மட்டும் வாசித்தனர். ஹார்மோனிகாக்காரர் மைக்கையும் தம் கருவியையும் ஒருசேர இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டு ஊதினார். கையகல உலோகத் துண்டு ஒன்றிலிருந்து தூரத்து ரயிலின் ஓலம் எழுந்தது. பிறகு பின்பக்கத்திலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பின அம்மையார் மெல்ல நடந்துவந்து மேடையிலிருந்த நாற்காலியில் அமர்ந்தார். கால் வீங்கியிருந்தது. கைப்பையை நாற்காலிக் காலருகே வைத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பாட்டிமார் வெற்றிலைப் பையைச் சரிபார்ப்பதுபோல ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு பாடத் தொடங்கினார்.

முதல் அடியைப் பாடினார். கிதார் அதற்கு மறுமொழி கூறியது. அதே அடியை, சொல் மாறாமல், மீண்டும் பாடினார். கிதார் மீண்டும் மறுமொழி கூறியது. பின்னரே மூன்றாவதாகப் புதிய அடி ஒன்று வந்து முதலடியை முடித்துவைத்தது. அடுத்த கண்ணியும் அவ்வாறே; அதற்கடுத்ததும் அவ்வாறே. எங்களில் ஒருவர் மற்றவரின் தொடையைத் தட்டினார். கட்டுரையில் அட்டவணையிட்டுக் காட்டிய அமைப்பு கண்முன்னே உயிரோடு நின்றது.

நண்பர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமீது விரலால் தட்டித் தட்டி விளக்கினார். வார இறுதிகளில், 1957 இல் தொடங்கப்பட்ட ஓல்ட் டவுன் நாட்டுப்புற இசைப்பள்ளியில் அவர் கிதார் கற்றுவந்தார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். ப்ளூஸின் பொதுவான வடிவம் பன்னிரண்டு தாள அளவுகள் கொண்டது. நான்கு நான்காக மூன்று அடிகள். ஒவ்வோர் அடியிலும் முதற்பாதி குரலுக்கு. மறுபாதி கருவியின் மறுமொழிக்கு. வயலில் ஒருவர் குரல் கொடுக்கப் பிறர் பதில் கொடுத்து வேலைசெய்த அடிமைக் காலப் பழக்கத்தின் எச்சம் அது. அடிப்படையில் மூன்றே சுரக்கூட்டுகள்தாம். முதலடி தொடக்கச் சுரத்தின்மீது கட்டிய கூட்டில் நிற்கிறது. இரண்டாம் முறை அதே அடி பாடப்படும்போது கிதார் நான்காம் சுரத்தின் கூட்டுக்கு நகர்ந்து பின்னர் வீடு திரும்புகிறது. மூன்றாம் அடிக்கு ஐந்தாம் சுரத்துக்குச் செல்கிறது.

"அதாவது, வார்த்தை அதேதான். கீழே தரை மாறிடுச்சு. ரெண்டாவது தடவை பாடும்போது அந்தம்மா வேற எடத்துல நின்னு பாடுறாங்க. நல்லாக் கவனி" என்றார்.

கவனித்தோம். உண்மையாகவே இருந்தது. முதல்முறை செய்தியாக வந்த அடி, இரண்டாம் முறை அடிநிலம் நழுவியதும், செய்தியாக இல்லை. காந்தாரத்தை அவர் பிடித்த விதத்தில் எங்கள் செவிக்குப் பழகிய ஏதோ இருந்தது. சாதாரண காந்தாரத்திலும் நிற்காமல் அந்தர காந்தாரத்துக்கும் ஏறாமல் இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் தொண்டையை நிறுத்தி இழுத்தார். பியானோவில் அவ்விடத்துக்குக் கட்டை கிடையாது. ப்ளூஸ்காரர்கள் அதனை நீலச்சுரம் என்கிறார்கள்.

இவ்விசையின் வரலாற்றை வாசகர்கள் பலர் அறிந்திருப்பர். சுருக்கமாகச் சொன்னால், 1865 இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின்னும் குத்தகையாலும் கடனாலும் பருத்தி வயல்களோடு கட்டப்பட்டிருந்த தென்மாநிலக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை அது. 1903 ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்த டபிள்யூ. சி. ஹேண்டி என்னும் இசையமைப்பாளர், கந்தல் உடுத்திய ஒருவர் கத்தியைக் கிதார் நரம்பின்மேல் அழுத்தி வாசித்துக்கொண்டு ஒரே அடியை மூன்று முறை பாடியதைக் கேட்டதாகத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். முதல் உலகப்போர்க் காலம் முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வெளியேறினர். மிசிசிப்பியிலிருந்து புறப்பட்டவர்களில் மிகப் பலரை ரயில் சிகாகோவில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களோடு கிதாரும் வந்து, நகரின் இரைச்சலுக்கு ஈடுகொடுக்க மின்கிதாராயிற்று. அழுகைக்குத் தொல்காப்பியர் நான்கு காரணங்கள் கூறுகிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னிருந்த நிலை கெட்டு அலைதல், இல்லாமை. வகுப்பில் இவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தேடி ஆண்டுதோறும் அலைவோம். நான்கும் ஒரே வாழ்வில் சேர்ந்திருந்த மக்களின் பாட்டு அன்று எங்கள் முன்னே இருந்தது.

இதையெல்லாம் எங்களில் ஒருவர் உற்சாகமாகக் கூறிக்கொண்டிருந்தபோது முதற்பகுதி முடிந்து இடைவேளை வந்தது. நண்பர் குவளையை நகர்த்தி வைத்தார்.

"தரவு 14 எங்க அம்மாவோடதுதானே?" என்றார்.

நாங்கள் பேசவில்லை.

"தலமாட்டு வெளக்க அணைக்காதீங்க, சீமையில இருக்குற மகன் வந்து சேரட்டும்னு ஒரு அடி திரையில போட்டீங்களே. மதுரை மாவட்டம், 2016, பாடியவர் வயது எழுபதுக்கு மேல். அது வேற யாரு அம்மாடா?"

அவருடைய தாயார் 2016 தைத் திங்களில் காலமானார். செய்தி கேட்டு இருவரும் முதல் பேருந்தில் சென்றோம். எங்களில் ஒருவரின் தோள்பையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அந்நாளில் அது எப்போதும் இருந்தது. கூடத்தில் பெண்கள் கூடி அழத் தொடங்கியபோது அவர் அதனை வெளியே எடுத்துத் துண்டினடியில் வைத்துக்கொண்டு இயக்கினார். எவர் என்று இங்கே எழுதப்போவதில்லை. மற்றவர் அருகிலேயே இருந்தார், கண்டார், தடுக்கவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. இழவு வீட்டில் எவரிடம், எப்படிக் கேட்பது என்று அப்போது ஒரு நியாயம் இருந்தது. பின்னர் கேட்பதற்கு மூன்றாண்டுகள் இருந்தன. அவற்றுக்கு நியாயம் ஏதுமில்லை. பதினொரு நிமிடப் பதிவு. அது பதினான்காம் எண்ணாக அட்டவணையில் ஏறிய நாளிலிருந்து அதனை யாருடைய தாயின் சாவு என்று நாங்கள் நினைத்துப்பார்க்கவே இல்லை. நண்பர் அவையில் அமர்ந்திருந்ததைக் கண்டபோதுகூட நினைவு வரவில்லை. இதுதான் எழுதுவதற்குக் கடினமாக இருக்கிறது.

"மன்னிச்சுரு" என்றோம். ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தி.

"அதுக்காகக் கூட்டிட்டு வரல" என்றார். சிறிது நேரம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூறியதை அவர் மொழியிலேயே தருகிறோம்.

"நான் வந்து சேர்ந்தது மூணாம் நாள். பால் ஊத்துறது வரைக்கும் முடிஞ்சிருச்சு. கூட்டம் கலைஞ்சிருச்சு. பெரியம்மா தொண்டையெல்லாம் கட்டிப்போய்ச் செவுத்துல சாஞ்சு கெடந்தாங்க. என்னப் பாத்ததும் எந்திரிச்சு வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டு மொதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. சத்தமே வரல. காத்துதான் வந்துச்சு. வரி வரியா, திருப்பித் திருப்பி. வெளக்கு அடி வந்தப்ப அங்க வெளக்கே இல்ல, எடுத்து வச்சிட்டாங்க. அடுத்த அடி ஞாபகத்துக்கு வரணும்னு அவங்க திருப்பிப் பாடலடா. எல்லாம் அவங்களுக்குத் தெரியும், மூணு நாளாப் பாடுனதுதானே. நான் அப்பத்தான் வந்தேன்."

எங்கள் பகுதியில் இழவுக்குப் பிந்தி வருபவர் வாசலில் கால் வைத்ததும் பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை மீண்டும் தொடங்குவது வழக்கம். எங்களுக்கு அது தெரியாததன்று. குறிப்பேட்டில், 'புதியவர் வருகையால் பாடல் தடைபட்டு மீளத் தொடங்குதல்' என்று எழுதிவைத்திருந்தோம். அட்டவணையில் அதனைச் சேர்க்கவில்லை. கணக்கைக் குழப்பும் என்று கழித்துவிட்டோம்.

அப்போது அந்த அம்மையாரே சிறு வாளி ஒன்றை ஏந்தி மேசை மேசையாக வந்தார். இசைக்கலைஞர்களுக்கான அன்பளிப்பு. நண்பர் பணத்தை இட்டுவிட்டு, எங்களைச் சுட்டி, இவர்கள் இந்தியாவிலிருந்து வந்த ஆசிரியர்கள், முதலடியை ஏன் இருமுறை பாடுகிறீர்கள் என்று கேட்க விரும்புகிறார்கள் என்றார். அம்மையார் எங்களை ஒருமுறை பார்த்தார். மூன்றாவது அடியை யோசிக்க நேரம் வேண்டாமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நண்பரும் சிரித்துவிட்டார். "பாத்தியா, உங்க கட்டுரைய அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க" என்றார். அந்த இரவில் அவர் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது மூவருமே கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

இரண்டாம் பகுதியை நாங்கள் வேறுவிதமாகக் கேட்டோம். அம்மையார் கூறியது பொய்யன்று. சில பாடல்களில் இரண்டாம் முறை பாடும்போது அவர் கண்கள் மேலே செருகி எதையோ தேடின; மூன்றாம் அடி அப்போதே பிறந்தது என்பது தெரிந்தது. ஆனால் வேறு சில பாடல்களில், முதல் அடியை எங்கோ பார்த்துப் பாடிவிட்டு, இரண்டாம் முறை கூடத்தில் ஒருவரைத் தேர்ந்து அவர் முகத்தைப் பார்த்துப் பாடினார். பின்மேசையிலிருந்த முதியவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாம் அடிக்கே குரல் கொடுத்தார். முதலடிக்குக் கொடுக்கவில்லை. தாமதமாக வந்து கதவருகே நின்றுகொண்டிருந்த ஓர் இணையையும் அவர் அவ்வாறு பார்த்துப் பாடினார். கட்டுரையின் முடிவு தவறில்லை. அது பாடுபவளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டது. கேட்பவன் எப்போது வந்தான் என்று கேட்கவில்லை.

நள்ளிரவுக்குப் பின் வெளியே வந்தோம். காரில் யாரும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தப் பதிவு உங்கக்கிட்ட இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றோம். "நான் அந்த மொதத் தடவையக் கேட்டதில்ல" என்றார்.

ஊர் திரும்பியபின் ப்ளூஸைப் பற்றிச் சில நூல்களைத் தேடிப் படித்தோம். 1941 ஆம் ஆண்டுக் கோடையில் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வொர்க்கும் மிசிசிப்பியின் ஸ்டோவல் பண்ணைக்குச் சென்று, அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மெக்கின்லி மார்கன்ஃபீல்டு என்பவரின் பாட்டைப் பதிவுசெய்தனர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கான நாட்டுப்புற இசைத் திரட்டு அது. பதிவைத் திருப்பிப் போட்டுக் காட்டியபோதுதான் அம்மனிதர் தம் குரலைத் தாமே கேட்டார். பின்னர் லோமாக்ஸ் இசைத்தட்டின் இரண்டு படிகளையும் 20 டாலரையும் அவருக்கு அனுப்பிவைத்ததாக அவரே கூறியிருக்கிறார். 1943 இல் அவர் சிகாகோவுக்கு ரயிலேறினார். மடி வாட்டர்ஸ் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். திரட்டுவோருக்கும் பாடுவோருக்கும் இடையே அந்நாட்டில் நடந்ததெல்லாம் நேர்மையானது என்று கூற இயலாது. ஆயினும் அந்த இரண்டு இசைத்தட்டுகளைப் பற்றிப் படித்தபோது எங்கள் மேசை இழுப்பறை நினைவுக்கு வந்தது. 22 பதிவுகள். ஒன்றைக்கூடப் பாடியவருக்கு நாங்கள் போட்டுக் காட்டியதில்லை.

தாயாரின் நினைவு நாளுக்காக 2020 தைத் திங்களில் நண்பர் ஊருக்கு வந்தார். மூவரும் கிராமத்துக்குச் சென்றோம். பெரியம்மாவுக்குச் செவி சற்று மந்தமாகியிருந்தது. வந்த செய்தியைக் கூறினோம். அவர் முதலில் கூறியது, "வீட்டுக்குள்ள வேணாம்" என்பதே. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி ஒலிக்கக் கூடாது. ஊருக்கு வெளியே களத்துமேட்டுக்கு நடந்தோம். வேப்பமரத்தடியில் அமர்ந்து கைப்பேசியை அவர் செவியருகே வைத்தோம். நண்பர் சற்றுத் தள்ளி, வைக்கோற்போரில் சாய்ந்து நின்றார். அவருக்கும் கேட்கும் தொலைவுதான்.

பதினொரு நிமிடம் கேட்டார். இடையிடையே உதடு அசைந்தது. விளக்கைப் பற்றிய அடி வந்தபோது நண்பர் திரும்பி நின்றுகொண்டார். அவர் வருவதற்கு மூன்று நாள் முன்னர், விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது பாடப்பட்ட அடி நான்காண்டுகளுக்குப் பிறகு அவரை வந்தடைந்தது. இரண்டாவதாகப் பாடியதை முதலிலும், முதலில் பாடியதை இரண்டாவதாகவும் கேட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பதிவு முடிந்ததும் பெரியம்மா கைப்பேசியைத் திருப்பித் தந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். கேட்கவில்லை.

"எடுக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்லாப் பாடியிருப்பேனேய்யா. நடுவுல அவ நட்டு வச்ச முருங்கைய விட்டுட்டேன்" என்றார்.

விடுபட்ட அடிகளை அங்கேயே, தாழ்ந்த குரலில், எங்களுக்குப் பாடிக் காட்டினார். ஒவ்வோர் அடியையும் இருமுறை பாடினார். கருவியை வெளியே எடுக்கலாமா என்று கேட்டோம். இம்முறை வேண்டாம் என்றார்.

மாநாட்டுத் தொகுப்புக்கு அக்கட்டுரையை நாங்கள் அனுப்பவில்லை. மற்ற 21 பதிவுகளையும் எடுத்துக்கொண்டு, பாடியவர்களையோ அவர்தம் பிள்ளைகளையோ தேடி ஒவ்வோர் ஊராகச் சென்றுவருகிறோம். இடையே நோய்த்தொற்றுக் காலம் வந்து இரண்டாண்டுகள் நின்றுபோயிற்று. சிலர் இப்போது இல்லை. சிலர் கேட்க விரும்பவில்லை. ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்பது பேரும் விட்டுப்போன அடி ஒன்றைச் சொல்லித்தான் எங்களை அனுப்பினார்கள்.